செவிலியர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை நூலகத் தரவுத்தளங்களில் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

செவிலியர் கல்வியில் பாடப்பணி கொடுக்கும்போது, "செவிலியர் எழுதிய, சக வல்லுநர் மதிப்பாய்வுக்கு உட்பட்ட, கடந்த ஐந்தாண்டுகளுக்குள் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை" என்று ஒரே வரியில் நிபந்தனை விதித்துவிடுவார்கள். ஆண்டையும் மதிப்பாய்வையும் தரவுத்தளமே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மாணவர்களைத் திணறடிப்பது "செவிலியர் எழுதிய" என்ற பகுதிதான். தரவுத்தளம் என்பது கட்டுரைகளைப் பற்றிய பதிவேடு; எழுதியவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைக் குறித்துவைப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை. ஒரே ஒரு தரவுத்தளம் மட்டும் இதற்கென்று ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறது. அதுவும் அச்சில் கண்டதைக் கொண்டு செய்யப்படும் ஊகமே. ஆகவே தேடலைத் தரவுத்தளத்தில் தொடங்கலாம், ஆனால் முடிவைக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

செவிலியர் இதழும் செவிலியர் எழுதியதும் ஒன்றல்ல

பலர் முதலிலேயே ஒரு குறுக்கு வழியை நாடுகிறார்கள்: பெயரில் "நர்சிங்" என்று இருக்கும் இதழை எடுத்து, அதிலுள்ள கட்டுரைகளெல்லாம் செவிலியர் எழுதியவை என்று கொள்வது. செவிலியர் இதழ்களில் மருத்துவர்கள், உளவியலாளர்கள், புள்ளியியலாளர்கள், மருந்தியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என எல்லோரும் எழுதுகிறார்கள். அதேபோல் செவிலியர் செய்த மிக முக்கியமான ஆய்வுகள் சில, மருத்துவ இதழ்களில்தான் வெளிவந்திருக்கின்றன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2002-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரை. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களை ஆராய்ந்த அந்தக் கட்டுரை, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தாலே 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. செவிலியர் எண்ணிக்கை பற்றிய விவாதங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் இந்தக் கட்டுரை, செவிலியர் இதழ்களை மட்டும் துழாவுபவரின் கண்ணில் படாது.

அதன் பெயர் வரிசையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். கட்டுரையாளர்கள் ஐவர். மூவரின் பெயருக்குப் பின்னால் "பிஎச்.டி., ஆர்.என்." என்று இருக்கிறது, இவர்கள் பதிவுபெற்ற செவிலியர்கள். ஒருவருக்கு "பிஎச்.டி." மட்டும். ஐந்தாமவருக்கு "எம்.டி., பிஎச்.டி."; அவர் மருத்துவர். இந்தக் கட்டுரை "செவிலியர் எழுதியது" என்ற நிபந்தனைக்குப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும்: முதல் கட்டுரையாளரே செவிலியர். ஆனால் அதை இதழின் பெயரோ, தலைப்போ சொல்லவில்லை. பெயருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு எழுத்துகள்தான் சொல்கின்றன.

தேடுவதற்கு முன்: நிபந்தனையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கட்டுரையாளர்களுள் யாராவது ஒருவர் செவிலியராக இருந்தால் போதுமா, அல்லது முதல் கட்டுரையாளரே செவிலியராக இருக்க வேண்டுமா என்பதை ஆசிரியரிடமோ ஆய்வு வழிகாட்டியிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நலவியல் துறைகளில் பொதுவாக முதல் பெயருக்குரியவர் ஆய்வின் பெரும்பகுதியைச் செய்தவராகவும், கடைசிப் பெயருக்குரியவர் மூத்த வழிகாட்டியாகவும் இருப்பார். எனவே இந்த வேறுபாடு சிறியதல்ல. மகப்பேற்றுத் துறையில் தேடுபவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பல நாடுகளில் செவிலியர் பயிற்சி இல்லாமல் நேரடியாகவே மருத்துவச்சிப் படிப்பை முடித்துப் பணிக்கு வருபவர்கள் உண்டு. அவர்கள் சட்டப்படி செவிலியர் ஆகமாட்டார்கள். அவர்கள் எழுதியதை ஏற்பார்களா என்பது உங்கள் நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

"ஆய்வுக் கட்டுரை" என்பதற்கும் பொருள் கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாகத் தரவு திரட்டி எழுதப்பட்ட முதன்மை ஆய்வு மட்டும்தானா, முறைசார் மீளாய்வுகளும் சேருமா, ஒரு வார்டில் செய்த தர மேம்பாட்டுத் திட்டத்தின் அறிக்கை சேருமா என்பதெல்லாம் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது முடிவை மாற்றும்.

தலைப்பைத் தேடல் சொற்களாக மாற்றுதல்

பெரும்பாலான தரவுத்தளங்கள் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே இயங்குவதால், சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். படுக்கைப்புண் தடுப்பு என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் "பிரஷர் அல்சர்" என்று எழுதிவந்தார்கள். 2016-இல் இத்துறையின் அமெரிக்க ஆலோசனைக் குழு "பிரஷர் இஞ்சுரி" என்ற பெயரைப் பரிந்துரைத்தது. அதன் பின் வந்த கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பெயரே இருக்கிறது. பழைய எழுத்துகளில் "பெட்சோர்", "டெக்யூபிட்டஸ்" என்ற சொற்களும் காணப்படும். ஒரே சொல்லைத் தட்டினால் ஒரு காலகட்டத்துக் கட்டுரைகளே விடுபட்டுப் போகும். எனவே ஒரே பொருள் தரும் சொற்களை "அல்லது" என்று பொருள்படும் "ஆர்" என்ற இணைப்பால் ஒரு பெட்டியில் சேர்த்து எழுதி, அடுத்த கருத்தை, அதாவது தடுப்பு, உடல் நிலை மாற்றிப் படுக்கவைத்தல் போன்றவற்றை, அடுத்த பெட்டியில் தனியாக எழுதி, இரு பெட்டிகளையும், இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள்படும் "அண்ட்" கொண்டு இணைக்க வேண்டும்.

இரண்டு சொற்கள் சேர்ந்த தொடர் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். சொல்லின் வேர்ப்பகுதிக்குப் பின் உடுக்குறி (நட்சத்திரக் குறி) இட்டால் அந்த வேரிலிருந்து வரும் எல்லா வடிவங்களும் கிடைக்கும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "நர்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளுக்குப் பின் உடுக்குறி இட்டால் நர்ஸ், நர்சிங் ஆகியவற்றோடு, குழந்தைகளுக்கான "நர்சரி"யும், தாய்ப்பால் கொடுப்பதைக் குறிக்கும் "நர்சிங்"கும், முதியோர் இல்லத்தைக் குறிக்கும் "நர்சிங் ஹோம்" என்ற தொடரும் சேர்ந்தே வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: "நர்ஸ்" என்ற சொல்லைத் தலைப்புச் சொற்களோடு சேர்த்துத் தேடினால் கிடைப்பவை செவிலியரைப் பற்றிய கட்டுரைகள். செவிலியர் எழுதியவை என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் அந்தச் சொல்லையே தொடாமல், நோயையும் பராமரிப்பையும் பற்றிய சொற்களை மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

சினால்: தொடங்க வேண்டிய இடம்

செவிலியம் மற்றும் துணை நலவியல் துறைகளுக்கான முதன்மைத் தரவுத்தளம் சினால். 1961-இல் அச்சிட்ட அட்டவணையாகத் தொடங்கிய இது, இன்று எப்ஸ்கோ நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கிறது. உங்கள் நூலகத்தின் தரவுத்தளப் பட்டியலில் இது வெறும் சினால் என்றோ, பிளஸ், கம்ப்ளீட், அல்டிமேட் போன்ற ஒட்டுகளோடோ இருக்கும். எந்த வகைக்கு நூலகம் சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து முழுக் கட்டுரையாகக் கிடைப்பவற்றின் அளவு மாறும்; தேடும் முறை மாறாது.

நூலகத்தின் இணையதளம் வழியாகவே உள்ளே நுழையுங்கள். உள்ளே சென்றதும் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது சினால் மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்ஸ்கோவில் பல தரவுத்தளங்களை ஒரே நேரத்தில் தேட முடியும். ஆனால் செவிலியர் வடிகட்டி சினாலுக்கு மட்டுமே உரிய சிறப்பு வடிகட்டி. மற்றத் தரவுத்தளங்களையும் சேர்த்துக்கொண்டு தேடினால், அவற்றிலிருந்து வரும் முடிவுகளில் அந்த வடிகட்டி வேலை செய்யாது. எது வடிகட்டப்பட்டது, எது வடிகட்டப்படாதது என்று பிரித்தறிவதும் கடினம்.

முதலில் வடிகட்டி எதுவும் இல்லாமல் தலைப்புச் சொற்களை மட்டும் கொண்டு ஒரு முறை தேடிப் பாருங்கள். மொத்தம் எத்தனை வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான், பின்னர் ஒவ்வொரு வடிகட்டியும் எவ்வளவைக் கழிக்கிறது என்பது புலப்படும். அதன் பிறகு மேம்பட்ட தேடல் பக்கத்தில் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தளத்தின் தோற்றம் அவ்வப்போது மாறுவதால், பொத்தான் இருக்கும் இடத்தைவிட அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதே பயன் தரும்.

"எனி ஆத்தர் இஸ் நர்ஸ்" என்பது கட்டுரையாளர்களுள் எவரேனும் ஒருவர் செவிலியராக இருக்கும் கட்டுரைகளைத் தரும். "ஃபர்ஸ்ட் ஆத்தர் இஸ் நர்ஸ்" என்பது முதல் கட்டுரையாளர் செவிலியராக இருப்பவற்றை மட்டும் தரும். இரண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டியதில்லை. இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியதே.

இந்த வடிகட்டி எதைக் கொண்டு முடிவு செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் அதன் எல்லையும் தெரியும். கட்டுரையில் பெயருக்குப் பின் செவிலியர் தகுதி எழுத்துகள் அச்சாகியிருந்தால் அந்தப் பதிவு குறிக்கப்படுகிறது. ஆனால் கட்டுரையாளர்களின் பட்டங்களை அச்சிடுவதில்லை என்ற கொள்கையுடைய இதழ்கள் ஏராளம். அத்தகைய இதழில் தலைசிறந்த செவிலியர் ஆய்வாளர் எழுதியிருந்தாலும் வடிகட்டி அவரைத் தவறவிடும். ஆகவே வடிகட்டி கொடுத்தவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். அது விட்டுவிட்டவை செவிலியர் எழுதாதவை என்று மட்டும் முடிவுகட்டக் கூடாது. முடிவுகள் மிகக் குறைவாக வந்தால், வடிகட்டியை நீக்கிவிட்டு, கட்டுரையாளரின் பணியிட விவரத்தைக் கொண்டு தேடுங்கள். எப்ஸ்கோவில் தேடல் பெட்டிக்கு அருகேயுள்ள புலப் பட்டியலில் பணியிடத்துக்கான புலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது ஏ, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, "ஸ்கூல் ஆஃப் நர்சிங்" போன்ற தொடரை மேற்கோள் குறிக்குள் எழுதலாம்.

"பியர் ரிவ்யூடு" என்ற வடிகட்டி இதழைப் பற்றியது. மதிப்பாய்வு செய்யும் இதழில் வந்த தலையங்கம், வாசகர் கடிதம், நூல் விமர்சனம் ஆகியவையும் இந்த வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். அவற்றைத் தவிர்க்க "ரிசர்ச் ஆர்ட்டிக்கிள்" என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

"எக்ஸ்க்ளூட் மெட்லைன் ரெக்கார்ட்ஸ்" என்று ஒரு வடிகட்டி உண்டு. சினாலையும், மருத்துவ இதழ்களுக்கான தரவுத்தளமான மெட்லைனையும் தனித்தனியே தேடி இரட்டிப்பைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கானது அது. பாடப்பணிக்காகத் தேடும் மாணவர் இதைத் தெரியாமல் குறித்துவிட்டால், செவிலியத் துறையின் முன்னணி இதழ்கள் பலவும் காணாமல் போகும், ஏனெனில் அவை மெட்லைனிலும் இடம்பெற்றவை. "ஃபுல் டெக்ஸ்ட்" வடிகட்டியையும் தொடக்கத்திலேயே குறிக்க வேண்டாம். இந்தத் தளத்தில் கோப்பாக இல்லாத கட்டுரை உங்கள் நூலகத்தின் வேறொரு சந்தாவில் இருக்கக்கூடும். அதற்கான இணைப்பு பதிவின் அருகிலேயே தோன்றும்.

சொற்களை ஊகித்துச் சலித்தவர்கள் சினாலின் பொருள் தலைப்புகளைப் பயன்படுத்தலாம். அட்டவணையாளர்கள் கட்டுரையைப் படித்து, அது எதைப் பற்றியது என்று ஒரு நிலையான சொல்லால் குறித்திருப்பார்கள். கட்டுரையாளர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும் அந்த ஒரே தலைப்பின்கீழ் எல்லாம் வந்துவிடும். ஒரு தலைப்பை விரித்துத் தேடினால் அதன் உட்பிரிவுகளும் சேரும். மிகப் புதிய கட்டுரைகளுக்கு இன்னும் தலைப்பு இடப்படாமல் இருக்கலாம் என்பதால், பொருள் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் "ஆர்" கொண்டு இணைத்துத் தேடுவதே பாதுகாப்பானது.

பதிவைப் படித்தல்

முடிவுப் பட்டியலில் ஒரு தலைப்பைச் சொடுக்கினால் அதன் விரிவான பதிவு திறக்கும். அதில் கட்டுரையாளர்களின் பெயர்கள், அவர்களின் பணியிடம், வெளியீட்டு வகை, இதழின் உட்பிரிவு ஆகியவை தனித்தனி வரிகளில் இருக்கும். இதழின் உட்பிரிவு என்ற வரியில் "கோர் நர்சிங்", "டபுள் பிளைண்ட் பியர் ரிவ்யூடு" போன்ற சொற்களைக் காணலாம். இவை இதழின் இயல்பைச் சொல்கின்றன, எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்த வரியைக் காட்டி "செவிலியர் எழுதியது" என்று எழுதிக் கொடுத்து மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

பணியிட வரி ஓரளவு உதவும், ஆனால் அதுவும் சான்றாகாது. செவிலியர் கல்லூரியில் புள்ளியியலாளர், சமூகவியலாளர், சுகாதாரப் பொருளியலாளர் எனப் பலரும் பணியாற்றுகிறார்கள். மறுபுறம், செவிலியர் ஒருவர் பொதுச் சுகாதாரத் துறையிலோ மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலோ வேலை பார்க்கலாம். அவருடைய பணியிட விவரத்தில் "நர்சிங்" என்ற சொல்லே இருக்காது.

கட்டுரையின் முதல் பக்கமே இறுதிச் சான்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் கொள்வதென்றால் இதைக் கொள்ளலாம். கட்டுரையைக் கோப்பாகத் திறந்து, தலைப்புக்குக் கீழுள்ள பெயர்களையும், முதல் பக்கத்தின் அடிக்குறிப்பையும், கட்டுரையின் இறுதியிலுள்ள கட்டுரையாளர் குறிப்பையும் பாருங்கள். ஒரே இதழுக்குள்ளும் இந்த விவரம் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறியிருக்கும். இணையப் பக்க வடிவில் பட்டங்கள் இல்லாமல் போய், பி.டி.எஃப். வடிவில் மட்டும் இருப்பதும் உண்டு. எனவே இரண்டையும் பார்ப்பது வழக்கமாகட்டும்.

எழுத்துகளில் மிகத் தெளிவானது "ஆர்.என்.", பதிவுபெற்ற செவிலியர் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. "பி.எஸ்.என்.", "எம்.எஸ்.என்.", "டி.என்.பி." ஆகியவை முறையே செவிலியத்தில் இளநிலை, முதுநிலை, செயல்முறை முனைவர் பட்டங்கள். "என்.பி.", "ஏ.பி.ஆர்.என்." ஆகியவை உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியரைக் குறிப்பவை, "சி.ஆர்.என்.ஏ." மயக்கவியல் செவிலியர், "சி.என்.எம்." சான்று பெற்ற செவிலிய மருத்துவச்சி. இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க வழக்கு. பிற நாடுகளில் எழுத்துகள் வேறாக இருக்கும், அல்லது எழுத்துகளே இல்லாமல் "விரிவுரையாளர், செவிலியத் துறை" என்று பதவி மட்டும் இருக்கும்.

ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. "எஃப்.ஏ.ஏ.என்." என்பதைக் கண்டதும் அமெரிக்கச் செவிலிய அகாதெமியின் உறுப்பினர் என்று எண்ணத் தோன்றும், ஆனால் அமெரிக்க நரம்பியல் அகாதெமியின் உறுப்பினர்களும் இதே எழுத்துகளைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். பக்கவாத நோயாளிகளின் பராமரிப்பு போன்ற தலைப்புகளில் இரு தரப்பினரும் எழுதுவதால் குழப்பம் நேர வாய்ப்பு அதிகம். "சி.என்.எஸ்." என்பது செவிலியத்தில் மருத்துவப் பிரிவுச் சிறப்புச் செவிலியர், சத்துணவுத் துறையிலும் ஒரு சான்றிதழுக்கு இதே எழுத்துகள். "பிஎச்.டி." மட்டும் நிற்கும்போது அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது.

இப்படி ஐயம் எழும்போது கட்டுரையாளரின் பெயரைக் கொண்டு அவர் பணிபுரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். கல்வித் தகுதிகளை அங்கே வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். 2012-இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் கட்டுரையில் இருந்தால், அதைச் சொடுக்கினாலே அவர் நிரப்பிவைத்திருக்கும் கல்வி, பணி விவரங்கள் திறக்கும். அதே ஆய்வாளர் வேறு இதழில் எழுதிய கட்டுரை ஒன்றைத் திறந்து பார்ப்பதும் நல்ல உத்தி. ஓர் இதழ் மறைத்த பட்டத்தை இன்னோர் இதழ் காட்டிவிடும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியவர்களும், ஒரே பெயரும் முதலெழுத்தும் கொண்ட வேறு ஆய்வாளர்களும் இருப்பதால், பணியிடமும் ஆய்வுத் துறையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அவர்தான் இவர் என்று கொள்ள வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தெளிவு கிடைக்காவிட்டால், அந்தக் கட்டுரையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

பப்மெட்டில் தேடுதல்

சினால் இல்லாத நூலகங்களில் படிப்பவர்களுக்கும், நூலகமே கைவசம் இல்லாதவர்களுக்கும் பப்மெட் இருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதில் செவிலியர் எழுதியவை என்ற வடிகட்டி கிடையாது. மதிப்பாய்வு செய்யப்பட்டவை என்ற வடிகட்டியும் கிடையாது. கூடுதல் வடிகட்டிகளைத் திறந்தால் "நர்சிங் ஜர்னல்ஸ்" என்று ஒன்று கிடைக்கும். அது இதழ்களைத்தான் வடிகட்டுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பப்மெட்டில் நமக்குள்ள வழி பணியிடப் புலம். தேடும் தொடரை மேற்கோள் குறிக்குள் எழுதி, அதன் பின் சதுர அடைப்புக்குள் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டால், அந்தத் தொடர் கட்டுரையாளரின் முகவரியில் மட்டும் தேடப்படும். "ஸ்கூல் ஆஃப் நர்சிங்", "காலேஜ் ஆஃப் நர்சிங்", "ஃபேகல்ட்டி ஆஃப் நர்சிங்", "டிபார்ட்மென்ட் ஆஃப் நர்சிங்" ஆகிய நான்கையும் இவ்வாறு எழுதி "ஆர்" கொண்டு இணைத்து, வெளியே அடைப்புக்குறி இட்டு, தலைப்புச் சொற்களோடு "அண்ட்" கொண்டு சேருங்கள். "நர்சிங்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் முகவரியில் தேடினால் முதியோர் இல்லங்களில் பணிபுரியும் மருத்துவர்களும் சேர்ந்து வருவார்கள்.

இந்த முறையின் குறை, பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களை மட்டுமே இது பிடிக்கும் என்பது. நோயாளிகளின் படுக்கையருகே நின்று பணிபுரிந்துகொண்டே எழுதும் செவிலியரின் முகவரி ஒரு மருத்துவமனையாகவே இருக்கும். அவர்களைக் கண்டறிய, "ஸ்டாஃப் நர்ஸ்", "நர்ஸ் பிராக்டிஷனர்", "கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்", "நர்ஸ் மேனேஜர்" போன்ற பதவிப் பெயர்களையும் அதே முகவரிப் புலத்தில் தேடுங்கள். செவிலியர் இதழ்கள் சில, இன்னார் இன்ன மருத்துவமனையில் பணிச் செவிலியர் என்று முழு வாக்கியமாகவே கட்டுரையாளர் விவரத்தைத் தருவதால், அது அப்படியே பப்மெட்டின் முகவரிப் புலத்தில் ஏறியிருக்கும். பலரும் அறியாத இந்த வழியில் கிடைக்கும் கட்டுரைகள், வார்டு நடைமுறையோடு மிக நெருங்கியவையாக இருப்பதைக் காணலாம்.

பழைய கட்டுரைகளைத் தேடுபவர்கள் காலவரம்பை அறிந்திருக்க வேண்டும். 1988-க்கு முந்தைய பதிவுகளில் பொதுவாக முகவரி இருப்பதில்லை. அதன் பின் 2013 வரை முதல் கட்டுரையாளரின் முகவரி மட்டுமே பதியப்பட்டது. எல்லாக் கட்டுரையாளர்களின் முகவரிகளும் 2014 முதல்தான் இடம்பெறுகின்றன. எனவே 2005-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் செவிலியர் மூன்றாவது கட்டுரையாளராக இருந்தால், முகவரித் தேடல் அதைக் காட்டாது.

ஆங்கிலம் அல்லாத நாடுகளின் ஆய்வுகளும் வேண்டுமென்றால் முகவரிச் சொற்களைக் கூட்ட வேண்டும். ஸ்பானிய முகவரிகளில் "என்ஃபெர்மெரியா" என்றும், போர்ச்சுகீசிய முகவரிகளில் "என்ஃபெர்மாஜெம்" என்றும், ஜெர்மானிய முகவரிகளில் "ஃப்ளேகெவிசென்ஷாஃப்ட்" என்றும் செவிலியத் துறை குறிக்கப்படுகிறது. பிரேசில் செவிலியர்களின் எழுத்து மிகுதி, அவற்றுக்கென்றே பி.டி.ஈ.என்.எஃப். என்ற தனித் தரவுத்தளம் இருக்கிறது.

பிற தரவுத்தளங்கள்

ஓவிட் தளத்தில் மெட்லைனோ எம்கேரோ இருந்தால் அங்கே நிறுவனப் புலத்தைக் கொண்டு, மேலே சொன்ன அதே தொடர்களைத் தேடலாம். புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் செவிலியத் தரவுத்தளத்தில் தொழில்முறைச் சஞ்சிகைகளும் கலந்திருப்பதால், ஆய்விதழ்கள் என்ற வரம்பை மறவாமல் இடுங்கள். ஸ்கோப்பஸில் பணியிடத் தேடல் வலுவானது. வெப் ஆஃப் சயின்ஸில் "நர்சிங்" என்ற பிரிவு இதழ்களுக்கான வகைப்பாடு மட்டுமே. கூகுள் ஸ்காலரில் முகவரிப் புலம் இல்லை. பெயர் தெரிந்த ஆய்வாளரின் பிற கட்டுரைகளைத் தொடர்வதற்கும், ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் அது நன்றாகப் பயன்படும்.

இதழே நம்பத்தகுந்ததா என்ற கேள்வி கூகுள் ஸ்காலரில்தான் அதிகம் எழும். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமலே அச்சிடும் இதழ்கள் செவிலியத்திலும் உண்டு. உலகச் செவிலிய இதழாசிரியர்களின் அமைப்பான இனேன், சரிபார்த்த செவிலிய இதழ்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. ஐயம் வந்தால் இதழின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

முழுக் கட்டுரையைப் பெறுதலும் சேமித்தலும்

நூலகச் சந்தாவில் இல்லாத கட்டுரைக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். பப்மெட் சென்ட்ரலில் இலவச வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். சிக்மா என்ற பன்னாட்டுச் செவிலியர் கழகம் நடத்தும் சிக்மா களஞ்சியத்தில் (முன்பு வர்ஜீனியா ஹெண்டர்சன் களஞ்சியம்) மாநாட்டுச் சுருக்கங்களும் ஆய்வேடுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் பல, இதழ் மதிப்பாய்வைக் கடந்தவை அல்ல என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். குறைந்த வருமானமுள்ள நாடுகளின் நிறுவனங்களுக்குக் கட்டுரைகளைப் பெற்றுத்தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி திட்டம் இருக்கிறது. எதிலும் கிடைக்காவிட்டால், நூலகங்களுக்கிடையேயான இரவல் சேவையில் கோரிக்கை வையுங்கள்.

சேமிக்கும்போது உலாவியின் முகவரிப் பட்டையில் உள்ளதை நகலெடுக்காதீர்கள். தரவுத்தளங்களில் அந்த முகவரி பெரும்பாலும் அந்த அமர்வுக்கு மட்டுமே செல்லும். மறுநாள் திறந்தால் பிழைச் செய்திதான் வரும். பதிவில் உள்ள நிரந்தர இணைப்பையோ, கட்டுரையின் மாறாத அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணையோ எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன், எந்தக் கட்டுரையாளர் செவிலியர் என்பதையும், அதை எங்கே பார்த்து உறுதி செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியாக எழுதிவையுங்கள்: "முதல் கட்டுரையாளர், ஆர்.என்., பி.டி.எஃப். முதல் பக்கம்" என்ற அளவு போதும். ஜொட்டெரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் குறிப்புப் பெட்டி இதற்கு வசதியானது, ஏனெனில் தரவுத்தளத்திலிருந்து இறக்குமதியாகும் பதிவில் கட்டுரையாளர்களின் பட்டங்கள் வருவதில்லை.

ஆய்வு நீண்ட காலம் தொடரும் என்றால், எப்ஸ்கோவிலும் பப்மெட்டிலும் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, வடிகட்டிகளோடு சேர்த்துத் தேடலையே சேமித்து, புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சலில் தெரிவிக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். எப்ஸ்கோவில் நூலகக் கணக்கும் இந்தத் தனிக் கணக்கும் வேறு வேறு. தனிக் கணக்கில் நுழையாமல் சேமித்தவை அமர்வு முடிந்ததும் அழிந்துவிடும்.